வண்டிக் கடையின் வரவும் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்களும் இசைவாணர்களும் வீற்றிருந்த இம்மேடையில் இன்று இட்டிலி விற்பவரை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அழைப்பு வந்தபோது நாங்கள், கணவனும் மனைவியும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தமிழைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தெரியும்?" என்று வினவினோம். செயலாளர் சிரித்துக்கொண்டே, "தமிழைப் பற்றிப் பேசப் பலர் உளர், இங்குள்ள தமிழரின் பிழைப்பைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை" என்றார். அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டே வந்தோம். நிற்பவர் ஒருவர், பேச்சு எங்கள் இருவருடையது.

தெருவில் உணவு விற்பது நமக்குப் புதிய தொழிலன்று. புகார் நகரத்துத் தெருக்களை விரித்துரைக்கும் சிலப்பதிகாரம், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் மறவாமற் சொல்லுகிறது. பொன் வணிகர்க்கு இடம் தந்த காப்பியம் அப்பம் விற்றவர்க்கும் இடம் தந்தது. ஆயினும் இன்று நம்முள் பலர், வண்டிக் கடை என்றால் வேறு வழியற்றோர் செய்யும் வேலை என்றே கருதுகிறோம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கருதியவர்களே.

1999ஆம் ஆண்டு, வேலை பார்த்துவந்த பட்டறை மூடப்பட்டதும், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய தள்ளுவண்டியை வாங்கினோம். மும்பையில் காலை உணவுக்கு இட்டிலி தேடுவோர் தமிழர் மட்டுமல்லர். தாராவியிலிருந்து விடியற்காலையில் அலுமினியப் பாத்திரங்களுடன் மிதிவண்டியில் புறப்பட்டு, இரப்பர் ஊதுகுழலை ஒலித்துச் செல்லும் நம் இளைஞர்களை அறியாத தெரு இந்நகரில் அரிது. அவர்கள் விற்கிறார்கள், நாமும் விற்றால் வாழலாம் என்று எண்ணினோம். வாடிக்கையாளர் வந்தனர், இட்டிலி தீர்ந்தது, பெட்டியில் பணம் விழுந்தது. ஏழு மாதம் கழிந்தபோதோ சங்கிலி மூழ்கியிருந்தது. அரிசிக் கடையில் கடன் ஏறியிருந்தது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? பிழை எங்களுடையதே. பெட்டியில் விழுந்த பணமெல்லாம் இலாபம் என்று நம்பினோம். எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் காய்கறி விற்ற மராத்தியப் பெண்மணி ஒருவரை நாங்கள் 'தாயி' என்று அழைப்போம். மராத்தியில் அச்சொல்லுக்குத் தமக்கை என்பது பொருள். எங்களுக்கோ அவர் தமிழ்ப் பொருளிலேயே தாயாக விளங்கினார். ஒருநாள் அவர் எங்கள் முகவாட்டத்தைக் கண்டு, தம் கூடைக்கடியில் இருந்த மூன்று தகர டப்பாக்களைக் காட்டினார். முதல் டப்பா நாளைய சரக்குக்கு. இரண்டாவது கடனுக்கும் வாடகைக்கும். மூன்றாவது வீட்டுச் செலவுக்கு. மூன்றும் நிறைந்த பின் கையில் எஞ்சுவதே இலாபம் என்றார். எழுதப் படிக்க அறியாத அந்த அம்மையார் சொன்ன கணக்கைவிடச் சிறந்த கணக்கை நாங்கள் இன்றுவரை கேட்டதில்லை.

அக்கணக்கை இன்றைய விலையில் உதாரணமாகச் சொல்லுகிறோம். ஒரு கிலோ இட்டிலி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து சேர்த்தால் ஏறக்குறைய 60 இட்டிலி வரும். ஒரு தட்டு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாவு, சட்டினி, சாம்பார், எரிவாயு, தட்டு ஆகியவற்றுக்கு 14 ரூபாய் போனால் மீதி 16 ரூபாய். உதவிப் பையனின் கூலி, வண்டித் தேய்மானம், தண்ணீர், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றால், முதல் 50 தட்டுகள் செலவை ஈடுகட்டவே சரியாகிவிடும். 51ஆவது தட்டிலிருந்துதான் நமக்கு வருவாய் தொடங்குகிறது. நாளின் முடிவில் பத்துத் தட்டு இட்டிலி மிஞ்சிக் குப்பைக்குப் போனால் 140 ரூபாய் நட்டம். அதாவது ஒன்பது தட்டு விற்ற மிச்சம் போயிற்று. ஆகவே எவ்வளவு விற்றோம் என்பதைவிட எவ்வளவு வீசினோம் என்பதை நாள்தோறும் எழுதிவைக்க வேண்டும். எந்தக் கிழமை, என்ன மழை, எத்தனை தட்டு என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதமே எங்கள் குப்பை பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று. கணவனும் மனைவியும் இரவு பகலாக உழைக்கும் உழைப்புக்கு நாங்கள் கூலி போடவே இல்லை. வேறொருவரிடம் வேலை செய்தால் கிடைக்கக்கூடிய கூலியையும் கழித்த பின் எஞ்சுவதே தொழிலின் இலாபம். அது இல்லையேல், நாம் முதலாளிகளல்லேம். கூலி பெறாத வேலையாட்கள்.

விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பார்கள். இதற்கு அமெரிக்க நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லுவது பொருந்தும். ரொட்டியின் நடுவே இறைச்சிக் குழலை வைத்து விற்கும் 'ஹாட் டாக்' அந்நாட்டுத் தெருக்களின் இட்டிலி என்னலாம். நியூயார்க்கின் கடற்கரைப் பகுதியாகிய கோனி ஐலண்டில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய சார்லஸ் பெல்ட்மன் என்பவர் 1867ஆம் ஆண்டையொட்டித் தள்ளுவண்டியில் அடுப்பு வைத்து அதனை விற்கத் தொடங்கிப் பின்னர்ப் பெரிய உணவகமே கட்டினார். அவ்வுணவகத்தில் ரொட்டி அறுக்கும் வேலை செய்தவர், போலந்துப் பகுதியிலிருந்து பிழைக்க வந்த நாதன் ஹேண்ட்வெர்க்கர். அவர் 1916ஆம் ஆண்டு 300 டாலர் முதலுடன் அதே கடற்கரையில் சிறு கடை திறந்தார். பழைய முதலாளி பத்து சென்டுக்கு விற்றதை இவர் ஐந்து சென்டுக்கு விற்றார். இவ்வளவு மலிவாகத் தருவது நல்ல பண்டமாக இருக்குமா என்று மக்கள் ஐயுற்றனர். வெள்ளை அங்கி அணிந்தவர்களைக் கடைமுன் நின்று உண்ணச் செய்து, "மருத்துவர்களே உண்கிறார்கள்" என்ற நம்பிக்கையை அவர் ஊட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1920ஆம் ஆண்டளவில் சுரங்க இரயில் கடற்கரை வரை நீண்டது, மக்கள் வெள்ளம் திரண்டது, கடை நிலைத்தது.

இக்கதையைக் கேட்டவர் பலர் விலையை மட்டும் குறைத்துக் கெடுகின்றனர். எங்கள் கணக்கில் தட்டு 30 ரூபாயை 25 ஆக்கினால் மிச்சம் 16 ரூபாயிலிருந்து 11 ஆகும். செலவை ஈடுகட்ட 50 தட்டுக்குப் பதில் 73 தட்டு விற்க வேண்டும். அத்தனை பேர் நம் முனையில் நடக்கின்றனரா என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாதனுக்கு இரயில் நிலையம் வந்தது, நமக்கு வருமா?

ஹாட் டாக்கிற்கும் மும்பையின் வடா பாவிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் ரொட்டிக்குள் அடங்கியவை. கையிற் பிடித்து நடந்துகொண்டே உண்ணலாம். இட்டிலிக்கோ தட்டு வேண்டும். சட்டினி ஊற்ற வேண்டும். உண்பவர் நிற்க இடம் வேண்டும். தட்டுக் கழுவத் தண்ணீர் வேண்டும். ஆதலின் இரயிலுக்கு ஓடுவோர் வழியில் நிற்பதைவிட, அலுவலகம் திறக்கும் முன் பத்து நிமிடம் நிற்கக்கூடியவர் கூடும் இடமே இட்டிலி வண்டிக்கு ஏற்றது. எங்கள் வண்டியை நிலைய வாயிலிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு மரத்தடிக்கு மாற்றிய பிறகே எங்கள் விற்பனை உயர்ந்தது.

நல்ல இடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில், விலங்குக் காட்சிசாலை அருகே ஒரேயொரு வண்டியை நிறுத்தும் உரிமைக்கு ஆண்டுக்கு 2,89,500 டாலர் செலுத்தப்பட்டது என 2013ஆம் ஆண்டு செய்தி வெளியாயிற்று. இடத்தின் வாடகை இலாபத்தை விழுங்கிவிடுமாயின், கூட்டம் வண்டிக்காரனுக்கு உரியதன்று, இடத்துக்காரனுக்கே உரியது.

இலாபத்தை விழுங்கும் மற்றொரு பூதம் தண்டல். 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையிற் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். முதலும் நாள்தோறும் குறைந்து வருவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். இந்தத் தண்டலிலிருந்து மீள எங்களுக்கு ஈராண்டு பிடித்தது. இப்பொழுது தெருவோர வணிகர்க்கென 2020ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் வங்கிகள் ஈடின்றிக் கடன் தருகின்றன. முதலில் 10,000, பின் 20,000, பின் 50,000 ரூபாய் என்றிருந்த தவணைகளை 2025ஆம் ஆண்டு 15,000, 25,000, 50,000 என்று உயர்த்தியுள்ளனர். ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோர்க்கு ஏழு விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. ஆயினும் எத்தனை வண்டிக்காரர் இதனை அறிவர்? அறிந்தவருள்ளும் எத்தனை பேர் விண்ணப்பத்தை நிரப்ப வல்லார்?

சட்டமும் அப்படியே. நடைபாதையில் வாணிபம் செய்வதும், தகுந்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியல் சட்டம் வழங்கிய தொழில் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டு தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அதில் இடம்பெற்றோர்க்குச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றலாகாது. அகற்றுவதாயின் 30 நாள் அறிவிப்பு வேண்டும். கைப்பற்றும் பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை அன்றே திருப்பித்தர வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் தெரு வணிகராக இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். ஏட்டில் இவ்வளவு இருந்தும், வண்டிக்காரன் கையிற் காகிதம் இல்லையெனில் அவனுக்கு எதுவுமே இல்லை.

உரிமையைப் பேசுகையில் கடமையையும் மறத்தலாகாது. சூடான உணவு 60 பாகைக்கு மேற் சூடாகவே இருத்தல் வேண்டும். வெயில் நாளில் தேங்காய்ச் சட்டினி சில மணி நேரத்தில் புளித்துவிடும்; மிஞ்சியதை மறுநாட் சட்டினியிற் கலப்பவர் தம் வாடிக்கையைத் தாமே நஞ்சிட்டு அழிக்கிறார். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறு வண்டிக்காரரும் பதிவு செய்தல் வேண்டும். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்தன்றோ? பிறர் வயிற்றையும் நம் வயிறுபோற் பேணுவதே உணவு வாணிகம்.

அன்பர்களே, ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். இந்த வண்டியின் வருவாயில் எங்கள் மகள் பட்டப்படிப்பு முடித்தாள். அவள் பள்ளியில் படித்த காலத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்று மட்டும் எழுதச் சொன்னோம். பள்ளித் தோழியர் அவ்வழியே வரும் நேரத்தில் ஒருவர் மரத்தின் பின்னே மறைந்து நின்றதும் உண்டு. இச்சங்கத்தின் விழாக்களுக்குப் பத்தாண்டுகளாக வந்து கடைசி வரிசையில் அமர்ந்து சென்றோம். எங்கள் தொழிலை எவரிடமும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் மகள், தன் அலுவலகத் தோழர் அனைவரையும் வண்டிக்கே அழைத்து வந்து, "இவர்கள்தாம் என் அம்மாவும் அப்பாவும்" என்றாள். அன்று விற்ற தட்டுகளை நாங்கள் நோட்டில் எழுதவில்லை. எங்கள் கணக்கில் விடுபட்ட நாள் அஃது ஒன்றே.

இச்சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இங்கே வங்கியிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியோர் பலர் இருக்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், இம்மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அமருங்கள். தமிழராயினும் பிறராயினும் வண்டிக்காரர் வந்தால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள்; கணக்கு எழுதக் கற்றுக் கொடுங்கள். எங்களுக்குக் கணக்குக் கற்பித்த தாயி இன்று இல்லை. அவர் தமிழரும் அல்லர். அவருக்கு நாம் பட்ட கடனை அம்மேசையில் அமர்ந்து தீர்க்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வருவோர் அனைவர்க்கும் இட்டிலி எங்கள் பொறுப்பு. அந்தச் செலவை மட்டும் எந்த டப்பாவிலிருந்து எடுத்தோம் என்று கேளாதீர்கள்.