விண்டோலாண்டாவில் ஒரு கணக்குப் பட்டியல்



வழமையாக இந்த நேரத்தில் நான் உங்களோடு வருமான வரிப் படிவம், வீட்டுக்கடன், ஓய்வூதியம் என்றுதான் கதைப்பேன். இன்றைக்கு அவை ஒன்றும் இல்லை. ஒரு நாள் பயணம் போய் வந்த கதையைச் சொல்லப் போகிறேன். கணக்கு இல்லாமல் என்னால் கதைக்க ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதற்குள்ளும் ஒரு கணக்கு வரும்.

என்னுடைய மகள் நியூகாசிலில் படிக்கிறாள். போன கோடையில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். "அப்பா, ஒரு நாளைக்கெண்டாலும் கடை, சாமான் எண்டு அலையாமல் எங்கையாவது பாக்கப் போவம்" என்று சொல்லி, விண்டோலாண்டா என்ற பழைய ரோமர் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நியூகாசிலில் இருந்து மேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மனைவி ரோல்சும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்து வந்திருந்தார்.

போய் இறங்கினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. சுற்றிவர மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, செம்மறி ஆடுகள். நடுவில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் கற்சுவர்கள். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அத்திவாரம் போட்டுட்டுக் காசில்லாமல் விட்ட வீடுகள் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் அந்த இடத்தின் பெறுமதி மேலே தெரியும் கல்லில் இல்லை, கீழே இருக்கும் சேற்றில்தான் இருக்கிறது. ஹேட்ரியன் சக்கரவர்த்தி தன் பெயரால் வழங்கும் நெடுஞ்சுவரைக் கட்டத் தொடங்கியது கி.பி. 122இல். அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் முன்னதாகவே, சுவருக்குச் சற்றுத் தெற்கே, விண்டோலாண்டாவில் மரத்தால் கட்டிய ஒரு கோட்டை இருந்தது. ஒரு படை மாறிப்போனால் அடுத்த படை பழைய கட்டடத்தை இடித்து, களியும் புற்தரையும் போட்டு மூடிவிட்டு, அதன் மேலேயே புதிதாகக் கட்டும். இப்படிக் கோட்டைக்கு மேல் கோட்டை. அடியில் காற்றுப் புகாத ஈரமண். அதனால் மரம், தோல், துணி எதுவும் உக்கிப் போகவில்லை. அங்கே உள்ள நூதனசாலையில் 5,000க்கும் மேற்பட்ட தோற் சப்பாத்துகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் சின்னப் பிள்ளைகளின் சப்பாத்துகளும் உண்டு.

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரொபின் பேர்லி என்ற அகழ்வாராய்ச்சியாளர் இந்த மண்ணுக்குள் இருந்து இரண்டு மெல்லிய மரச்சீவல்களை எடுத்தார். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மையால் எழுதிய எழுத்து. வெளிக்காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிவிட்டது. பிறகு அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் வாசித்தார்கள். அன்று தொடங்கி இன்றுவரை இப்படியான மர ஏடுகள் 1,000க்கு மேல் கிடைத்திருக்கின்றன. தபால் அட்டை அளவு, சில மில்லிமீற்றர் தடிப்பு. பெரும்பாலானவை லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. சிலவற்றை விண்டோலாண்டாவிலேயே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ரோமாபுரிக்காரர் அல்லர். இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கங்களில் இருந்து கொண்டுவரப்பட்ட படத்தாவியர், துங்கிரியர் என்ற படைப்பிரிவினர். தாய்மொழி வேறு. எழுதியது லத்தீனில். ஊர் ஒன்று, இருந்த இடம் ஒன்று, எழுதிய மொழி இன்னொன்று. இதை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மகள் கைத்தொலைபேசியில் ஓர் ஏட்டின் மொழிபெயர்ப்பை எடுத்து, "அப்பா, இது உங்கட எக்செல் சீற் மாதிரி இருக்கு" என்று காட்டினாள். மே மாதம் 18ஆம் திகதி எடுத்த ஆட்கணக்கு அது. துங்கிரியர் படையின் மொத்தத் தொகை 752 பேர். வெளியே போனவர்கள் 456. அதில் 337 பேர் கோரியா என்ற பக்கத்துக் கோட்டையில், 46 பேர் ஆளுநரின் காவலுக்கு. முகாமில் இருப்பவர்கள் 296. அவர்களில் சுகவீனம் 15, காயம் 6, கண்நோய் 10, ஆக 31. வேலைக்கு உதவக்கூடியவர்கள் 265.

நான் கையோடு கூட்டிப் பார்த்தேன், தொழிற்பழக்கம் விடாதுதானே. 15, 6, 10 கூட்டினால் 31. 31உம் 265உம் 296. 296உம் 456உம் 752. ஏறக்குறைய 1,900 வருடங்களுக்கு முன் குளிருக்குள் இருந்து ஓர் இலிகிதர் எழுதிய பட்டியல், ஒரு ஆள் கூடக்குறைய இல்லாமல் சரிவருகிறது. அந்தக் காற்றுக்குள் எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது.

இன்னோர் ஏட்டில் ஒக்டேவியஸ் என்பவர் கந்திடஸ் என்பவரிடம் காசு கேட்கிறார். தானியத்துக்கு முற்பணமாக ஏறக்குறைய 300 டினாரி கொடுத்துவிட்டாராம். குறைந்தது 500 டினாரியாவது அனுப்பாவிட்டால் கொடுத்த காசும் போய், மானமும் போய்விடும் என்கிறார். வேறொன்றில், ஒருவருக்கு யாரோ காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பிய விபரம். இன்னொன்றில், குளோடியா செவேரா என்ற பெண் தன் சினேகிதி லெப்பிடினாவைச் செப்டெம்பர் 11ஆம் திகதி பிறந்தநாளுக்கு வரச்சொல்லி அழைக்கிறாள். கடிதத்தை எழுதியது வேறொருவர் கை. கடைசியில் சில வரிகளை அவள் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அப்பா கடிதம் எழுதி முடிக்க, அம்மா மூலையில் இரண்டு வரி சேர்ப்பாவே, அது மாதிரி. பெண்ணொருத்தியின் கையால் எழுதப்பட்டு இன்றுவரை கிடைத்த லத்தீன் எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று என்கிறார்கள்.

இவற்றை யாரும் பாதுகாக்க நினைத்து வைக்கவில்லை, நேயர்களே. கி.பி. 105ஆம் ஆண்டளவில் படத்தாவியர் படையை தன்யூப் ஆற்றுப் பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்தது. வெளிக்கிடும்போது பழைய ஏடுகளைக் குவித்து நெருப்பு வைத்திருக்கிறார்கள். எல்லாம் எரிந்து முடியவில்லை. மழை பெய்து அணைத்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் ஊகம். எரியாமல் மிஞ்சியதைத்தான் நாங்கள் இன்றைக்கு வாசிக்கிறோம்.

இதைக் கேட்டபோது எனக்கு என் வீட்டு விசயம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கணக்காளர். வாடிக்கையாளர்கள் கேட்டால், "கம்பனிக் கணக்கை ஆறு வருடம் வைத்திருங்கோ, அதுக்குப் பிறகு எறியலாம்" என்று சொல்லிப் பழகிய வாய். 2012இல் நாங்கள் வீடு மாறியபோது லொஃப்டில் ஒரு சூட்கேஸ் கிடந்தது. முழுக்க அப்பாவின் கடிதங்கள். நான் இங்கு வந்த 1994 முதல் பத்து வருடத்துக்கு மேலாக எழுதியவை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் இருந்து எழுதியவையும் அதற்குள் இருந்தன. யாராவது கொழும்புக்குப் போகும்போது கொடுத்துவிட்டுத் தபாலில் போடுவிப்பார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாமான் விலைதான். அரிசி என்ன விலை, சவர்க்காரம் என்ன விலை, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்ன விலை. "விலைப்பட்டியல்தானே, இதை வைச்சு என்ன செய்யிறது?" என்று சொல்லி, பழைய பேப்பர் போடும் தொட்டிக்குள் நானே என் கையால் போட்டேன். மனைவி இரண்டு தரம் "யோசிச்சுச் செய்யுங்கோ" என்று சொன்னவர். நான் கேட்கவில்லை.

போன வருடம் மகள் படிப்புக்காக, அந்தக் காலத்தில் வன்னியில் சனம் எப்படிச் சீவித்தது என்று என்னிடம் விசாரித்தாள். மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்பா எழுதியிருந்தார், நான் வாசித்திருந்தேன். அந்த எண் மட்டும் ஞாபகம் இல்லை. அப்பாவும் இப்போது இல்லை.

விண்டோலாண்டாவால் வந்த கிழமையே வீட்டைக் கிளறினேன். என் பட்டச் சான்றிதழ் வைத்திருந்த கோவைக்குள் ஒரேயொரு கடிதம் அகப்பட்டது. நான் அனுப்பிய காசை எப்படிச் செலவழித்தேன் என்று அப்பா ஒழுங்காக எழுதியிருக்கிறார். அம்மாவின் மருந்து, கூரைக்குக் கிடுகு, தங்கச்சியின் படிப்பு, கடைசியில் மிச்சம். கூட்டிப் பார்த்தேன். பத்து ரூபாய் உதைக்கிறது. அப்பா கடை வைத்திருந்தவர், கூட்டலில் பிழை விடுகிற ஆள் இல்லை. அந்தப் பத்து ரூபாய்க்கு என்ன நடந்தது என்று கேட்க இனி ஆளில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். ஊரில் இருந்து வந்த ஏரோகிராம், செஞ்சிலுவைச் சங்கம் மூலம் வந்த செய்தித் துண்டு, அகதி விண்ணப்பத்துக்கு வந்த பதில், இங்கு எடுத்த முதல் சம்பளத் துண்டு, காசு அனுப்பிய சிட்டை. பெறுமதி இல்லை என்று நினைக்கும் துண்டைத்தான் முதலில் எடுத்து வையுங்கள். ஈரம் படாத இடத்தில் மட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். யார், எங்கிருந்து, எந்த வருடம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ஆனால் படம் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருத்தி வாசிப்பியுங்கள்.

ஆறு வருடக் கதை வரி அலுவலகத்துக்கு மட்டும்தான். அடுத்த மாதம் வழமைபோல வரிப் படிவத்தோடு சந்திப்போம்.