அனுப்பியவரே போனார்



"எனக்கு அழைப்பு உண்டா ஐயா? அதை எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?" ஊழியத்துக்கு வர நினைக்கும் பிள்ளைகள் கண்கலங்கக் கேட்கிற கேள்வி இது. பதிலாக ஒரு மனிதரைக் காட்டுகிறேன்: பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். கிராமத்துச் சபைப் போதகர் ஒருவரின் மகன். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகப் போய் வாலிபர்களோடு பேசினார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இக்கரையில் ஊழியம் நடத்துவதை அறிந்தார். அது அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. நூறாண்டுக்கு மேல் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலி, இன்னும் கடல்தாண்டி வரும் பணத்தையும் ஆளையும் நம்பியே இருக்கலாமா? மறு வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம்! நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் புறப்பட்டார்கள்.

அசரியா போகவில்லை. அழைக்கும் வேலை அவருடையது, போகும் வேலை மற்றவர்களுடையது என்றே ஆண்டுகள் கழிந்தன. ஆனால், பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்ற கேள்வி அவரை உள்ளே குடைந்தது. அந்தக் கேள்விதான் அவருடைய அழைப்பு என்று நான் நம்புகிறேன். 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தோர்ணக்கலுக்குக் குடிபோனார். வயது 35. ஊரும் புதிது, பாஷையும் புதிது. தெலுங்கு படித்தார்.

தைரியம் எப்போது வந்தது, கவனியுங்கள். போன பிறகு வந்தது! 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டார் நிறைந்த சபை நடுவே எழுந்து, உங்கள் தியாகம் பெரிது, ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்துங்கள் என்ற பொருளில் பேசினார். சிலர் முகம் சுளித்தார்கள். அவரைப் பேராயராக்கும் பேச்சு எழுந்தபோது மிஷனெரிமாரிடமிருந்தும் எதிர்ப்பு, சொந்தத் திருநெல்வேலியிலிருந்தும் எதிர்ப்பு. சாதியும் அதில் கலந்திருந்தது. நாம் அதை மறைக்கக் கூடாது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

அந்தப் பதவியை அவர் எங்கே கொண்டுபோனார்? மாலா, மாதிகா மக்களின் சேரிகளுக்கு. எழுத்தறியாத அவர்களை, ஞானஸ்நானம் பெறும்போதே தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்று பவுலைப்போல் அறிக்கையிடச் சொன்னார். தங்களுக்கும் அழைப்பு உண்டு என்று அந்த ஏழைகள் நம்பினார்கள். அடுத்த கிராமத்துக்கு அவர்களே சொல்லப் போனார்கள். 1945 ஜனவரி முதல் நாள் மரிக்கும்வரை அசரியா அந்த மக்களின் பேராயராகவே இருந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களை உள்ளே குடைகிற கேள்வி எது? கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, எப்போது என்று உட்கார்ந்து பேசுவோம்.