ஏட்டில் ஏறாத 728 கெஜம்

சில நாள்களுக்கு முன் ஆறாம் ஆண்டு வகுப்பில் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 6,405 என்றும், அதன் கீழே 6,397 என்றும் எழுதி, வித்தியாசம் என்னவென்று கேட்டேன். எட்டு என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிட்டது. அந்த எட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது என்று கூறி, அமெரிக்காவில் நடந்த ஒரு கதையை அவர்களுக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும் கடைசி வாங்கிலிருந்த பையன் எழுந்தான். “சார், ஓடினது ஓடினதுதானே? அதை எப்படி இல்லைன்னு எழுதுவாங்க?” என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கேள்வியை வைத்துத்தான் இன்றைய உரையை அமைத்திருக்கிறேன்.

அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்வது நாம் ஆடும் காற்பந்து அன்று. பந்து நீள்வட்டமாக இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். திடலின் நீளம் 100 கெஜம். ஒரு கெஜம் என்பது 3 அடி. பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே அந்த ஆட்டத்தில் நிலம்தான் செல்வம். எவர் எத்தனை கெஜம் பிடித்துக் கொடுத்தார் என்பதை ஒவ்வோர் ஓட்டத்திற்கும் எழுதிவைக்கிறார்கள். புறப்பட்ட கோட்டுக்குப் பின்னாலேயே ஓடுபவரை மடக்கிவிட்டால், இழந்த கெஜங்களை அவர் கணக்கிலிருந்து கழித்தும் விடுகிறார்கள்.

இந்த ஆட்டம் அங்கே பல்கலைக்கழகங்களில் பெரும் திருவிழா போல நடக்கிறது. ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள்தாம் ஆடலாம். அந்த நான்கு பருவங்களில் சேர்த்தது என்ன என்பதே அவருடைய ஆயுள் கணக்கு.

விஸ்கான்சின் மாநிலத்தின் மெடிசன் நகரில் உள்ள பல்கலைக்கழகம், பந்தைச் சுமந்து ஓடுபவர்களுக்குப் பேர்போனது. அலன் அமீச்சி என்பவர் 1951 முதல் 1954 வரை அங்கே ஆடி, 3,212 கெஜம் ஓடி, நாட்டின் மிக உயர்ந்த ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அவருக்குப் பின் 45 ஆண்டுகள் கழித்து அதே விருதை அதே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தவர் ரோன் டெய்ன். நம் கதையின் நாயகர் இவர்தான். ஓட்டக்காரர் என்றால் மெலிந்த உடலை நினைக்காதீர்கள். 110 கிலோவுக்கு மேற்பட்ட ஆள். ஒருவர் பிடித்தால் நிற்கமாட்டார். இருவர் மூவர் தொங்க வேண்டும்.

1999 நவம்பர் 13-ஆம் நாள், கேம்ப் ரெண்டல் திடலில் ஐயோவா குழுவுடன் ஆட்டம். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ் அதற்கு முந்திய ஆண்டு 6,279 கெஜத்தில் சாதனையை நிறுத்தியிருந்தார். அதை முறியடிக்க டெய்னுக்கு 99 கெஜம் தேவை. அன்று அவர் 216 கெஜம் ஓடினார். கூட்டம் வெள்ளைத் துண்டுகளை வீசி ஆர்ப்பரித்தது. அவருடைய பெயரும் 33 என்ற சட்டை எண்ணும் திடலின் முகப்பிலேயே எழுதப்பட்டன. அவர் கணக்கு 6,397-இல் நின்றது.

நின்றது என்று சொன்னேனே, அங்கேதான் சிக்கல். பருவம் முடிந்தபின், சிறந்த குழுக்களை அழைத்து பௌல் என்ற சிறப்பு ஆட்டங்களை நடத்துவார்கள். டெய்ன் நான்கு ஆண்டும் அவற்றில் ஆடினார். 1996 டிசம்பரில் யூட்டா குழுவுக்கு எதிராக 246 கெஜம். 1998 புத்தாண்டு நாளில் ஜார்ஜியாவுக்கு எதிராக வெறும் 36. 1999 ரோஸ் பௌலில் மறுபடியும் 246. 2000 ரோஸ் பௌலில் 200. கூட்டிப் பாருங்கள், 728 வரும். அந்த இரண்டு ரோஸ் பௌல் ஆட்டங்களிலும் அவரையே சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் ஏட்டில் அந்த 728-இல் ஒரு கெஜம்கூட ஏறவில்லை. பௌல் ஆட்டங்கள் கணக்கில் சேரா என்பது அன்றைய விதி.

அந்த விதியிலும் நியாயம் இருந்தது. முற்காலத்தில் பௌல் ஆட்டங்கள் மிகக் குறைவு. மிகச் சில குழுக்களுக்கே அழைப்பு வரும். நல்ல குழுவில் இடம் கிடைத்தவனுக்கு மட்டும் ஓர் ஆட்டம் கூடுதலாகக் கிடைத்தால் அது சமமான போட்டி ஆகுமா? பின்னர் பௌல் ஆட்டங்கள் பெருகின. 2002 முதல் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்று சங்கம் முடிவு செய்தது. ஆனால் 2002-க்கு முந்திய ஏடுகளைத் திருத்தவில்லை.

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனை ராத்தல் பால் சுமந்து வந்தோம் என்பது ஒன்று. கிராணியார் ஏட்டில் எத்தனை ஏறியது என்பது மற்றொன்று.

2016 டிசம்பர் 17-ஆம் நாள், சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனல் பம்ஃப்ரி லாஸ் வேகஸ் பௌலில் 115 கெஜம் ஓடினார். மொத்தம் 6,405. டெய்னைவிட எட்டு கெஜம் கூடுதல், சாதனை கைமாறியது. அந்த ஆட்டமே ஒரு பௌல் ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். பம்ஃப்ரி மீது நான் குறை சொல்லமாட்டேன். ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள சிறிய உடலோடு நான்காண்டு அடி வாங்கி ஓடியவர். அவர் விதியை எழுதவில்லை. ஆனால் இரண்டு படிகளால் அளந்த நெல்லை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குள் விஸ்கான்சின்காரர்களுக்கு மட்டும்தான் அநியாயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதே விதி மாற்றம் இதே பல்கலைக்கழகத்துக்கு ஆதாயமும் கொடுத்தது. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேரி சாண்டர்ஸ் 1988-இல் பதினொரே ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடி, 39 முறை பந்தை எல்லைக்குக் கொண்டுசேர்த்தார். இதை டச்டவுன் என்பார்கள். அதன்பின் நடந்த பௌல் ஆட்டத்தில் மேலும் 222 கெஜமும் ஐந்து டச்டவுன்களும் எடுத்தார். அவை ஏட்டில் இல்லை. 2011 பருவத்தில் விஸ்கான்சினின் மோன்டி பால் அதே 39-ஐத் தொட்டு சாதனையைச் சமன் செய்தார். அவருக்குப் பதினான்கு ஆட்டங்கள். முப்பத்தொன்பதாவது டச்டவுன் ரோஸ் பௌலில் எடுத்தது! டெய்னுக்காகக் கோபப்படுகிற விஸ்கான்சின் ரசிகர், சாண்டர்ஸ் பெயரைக் கேட்டால் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சில சாதனைகளுக்கு ஆயுளும் குறைவு. 2014 நவம்பர் 15 அன்று மெல்வின் கோர்டன் என்ற விஸ்கான்சின் மாணவர் நெப்ராஸ்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 408 கெஜம் ஓடினார். ஆட்டம் கைக்கு வந்துவிட்டதால் கடைசிக் கால்பகுதியில் அவர் ஆடவேயில்லை. சரியாக ஒரு வாரத்தில் ஒக்லஹோமாவின் சமாஜே பெரைன் 427 ஓடிவிட்டார். கோர்டன் அந்தக் கால்பகுதியும் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு ஏட்டில் கட்டம் கிடையாது.

கட்டம் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடுபவருக்கு முன்னே ஐந்து பெரிய ஆள்கள் வரிசையாக நின்று, எதிரிகளைத் தோளால் தள்ளி வழி திறப்பார்கள். அந்த வழி திறக்காவிட்டால் டெய்னும் இல்லை, கோர்டனும் இல்லை. ஆனால் ஓட்டக் கெஜத்தில் அவர்கள் பெயருக்கு எதிரே ஓர் எண்ணும் எழுதப்படுவதில்லை. டெய்ன் காலத்தில் அப்படி நின்ற கிறிஸ் மெக்கின்டோஷ், 2021-இல் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரானார். அவர் எத்தனை கெஜத்துக்கு வழிவிட்டார் என்பதை எந்த ஏட்டைப் புரட்டினாலும் காணமுடியாது.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனிடம், இரண்டு ஏடுகள் இருக்கின்றன என்று சொன்னேன். சங்கத்தின் ஏட்டில் 6,397. பல்கலைக்கழகம் தானே வைத்திருக்கும் ஏட்டில், பௌல் ஆட்டங்களையும் சேர்த்து, 7,125. அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கி, 7,125-இலிருந்து 6,405-ஐக் கழித்தான். 720 என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அன்று முழுவதும் நான் அதை அழிக்கவில்லை.