ஆனதோத்து நிலமும் நம் காத்திருப்பும்



வேங்கிக்காலில் வாழும் நமக்குக் காத்திருப்பு என்பது புதிய பொருளன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே அமைந்துள்ளது. மனுவைக் கையில் பிடித்தவாறு அதன் வாயிலில் அமர்ந்திருக்கும் மக்களை நாம் கண்டே வருகிறோம், நாமும் அமர்ந்திருக்கிறோம். கர்த்தரை நம்பிப் பொறுமையுடன் காத்திருத்தல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டபோது அந்த வாயிலே நம் கண்முன் வந்து நின்றது.

இளைஞர்கள் கேட்பதுண்டு: "பொறுத்திரு, பொறுத்திரு என்று சொல்லித்தானே நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் குனிய வைத்தார்கள்? ஆலயத்திலும் அதையே கேட்க வேண்டுமா?" கேள்வி நியாயமானது. 1963ஆம் ஆண்டில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தின் உள்ளமும் இதுவே. பொறுமை போதித்த வெள்ளைக்கார மதகுருமார்களுக்கு அவர் எழுதிய மறுமொழி அது. பிறர் முதுகிலுள்ள சுமைக்குப் பொறுமை போதிப்பது எளிது.

நம்முள் கிறிஸ்துவை ஏற்றவர்களின் வழக்கையே பாருங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2004இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் நமக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தது. 2022இல் மேலும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்றவனையும் பெறாதவனையும் ஊர் ஒரே தெருவில்தான் வைத்திருக்கிறது. ஆவணத்தில் மட்டும் இருவரும் வேறானார்கள்.

திருச்சபைக்குள்ளும் நாம் காத்திருந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டது. கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியர் அதற்கு இணங்காமல் பிரிந்து வந்து, 1860களில் பண்ருட்டிப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். டேனிஷ் மிஷனுடன் இணைந்த அப்பணியே பின்னாளில் திருவண்ணாமலை வரை வந்தது. டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரை அறியாதவர் இந்நகரில் உண்டோ? ஓக்ஸ் 1873இல் மறைந்தார். இவ்வளவும் அவர் காணாதது.

எனினும் வேதம் கூறும் காத்திருப்பு, கைகட்டி நிற்பதன்று. நம் மொழியிலேயே காத்தல் என்பதற்குக் காவல் செய்தல் என்றும் பொருள் உண்டு. இரவில் வயலைக் காப்பவன் விடியலுக்காகக் காத்திருக்கிறான், ஆனால் உறங்குவதில்லை.

ஆபிரகாம் அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையே 25 ஆண்டுகள். நம் சங்கத்தின் வயதும் அதுவே. அந்தப் பெரியவரும் நடுவில் பொறுமை இழந்தார். சாராளின் சொற்கேட்டு அடிமைப் பெண் ஆகாரைச் சேர்ந்தார். எஜமானர்களின் அவசரத்திற்கு விலை கொடுத்தவள் அந்த அடிமைப் பெண்தான். பிரசங்கங்களில் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகிறார்கள், நாம் கடக்கலாகாது. வனாந்தரத்தில் தேவன் அவளைக் கண்டார். அவள் பேரைச் சொல்லி அழைத்தார்.

நமக்கு மிகவும் நெருக்கமானவர் எரேமியா. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம். அவரோ காவலில் அடைபட்டிருந்தார். நகரம் வீழும் என்று முன்னுரைத்தவரும் அவரே. அந்நேரத்தில் ஆனதோத்து ஊரிலிருந்த ஒரு நிலத்தைத் தம் உறவினனிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பகைவன் வசமாகப் போகும் நிலத்தை விலை கொடுத்து வாங்குபவன் பித்தன் என்றுதான் உலகம் சொல்லும். அவரோ வெள்ளியைத் தராசில் நிறுத்தார், சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதினார், முத்திரையிட்டார். சட்டப்படி செய்ய வேண்டியவற்றுள் ஒன்றையும் விடவில்லை. இந்த நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் கைமாறும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அதுவே அவருடைய ஆதாரம்.

நிலப் பத்திரத்தின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அப்படி வந்த பஞ்சமி நிலங்களுள் எத்தனையோ பிறர் கைக்குப் போயின. பட்டாவைப் பத்திரப்படுத்திய குடும்பங்கள் இன்றும் வழக்காட முடிகிறது. காகிதத்தைக் கறையானுக்கு விட்டவர்களால் வாயால் சொல்ல மட்டுமே முடிகிறது. படித்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்திருந்தால் என்று ஏங்கிய பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம்; இச்சங்கம் தோன்றியதற்கு அந்த ஏக்கமும் ஒரு காரணம்.

எரேமியா அந்நிலத்தில் குடியேறவில்லை. நகரம் வீழ்ந்தபின் அவரை எகிப்துக்குக் கொண்டு போனார்கள். ஆனால் போகுமுன், காவலில் இருந்தபோதே, பத்திரங்களைப் பாருக்கின் கையில் கொடுத்திருந்தார். நெடுநாள் கெடாமல் இருக்கும்படி அவற்றை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்.