புதுவெள்ளமும் வெள்ளித்திரையும்



நூலக வார விழாவில், சிறுவயதில் படித்த புத்தகத்தையும் அது படமாக வந்ததையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தஞ்சையில் நின்றுகொண்டு அதற்கு எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. பொன்னியின் செல்வனைத்தான் கையில் எடுத்து வந்திருக்கிறேன்.

1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை மூன்றரை ஆண்டுகள் ஓடிய தொடர் அது. எழுதியவர் கல்கி, மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த நம் ஊர்க்காரர். தொடரை முடித்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். வாரா வாரம் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்திய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. எங்கள் வீட்டுப் பைண்டு என் பெரியம்மாவுடையது. அவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மணியம் வரைந்த சித்திரத்தில், கதையில் வரும் நந்தினியின் கொண்டையைப் பார்க்க நாங்கள் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்ப்போம்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கதையை ராஜா ராணிக் கதையாகப் படித்திருப்பார்கள். நாம் அப்படிப் படிக்கவில்லை. கதாநாயகன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை ஓட்டி வருகிறான். அந்த ஏரி வேறெங்கும் இல்லை, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிக் கிடக்கும் வீராணம். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்வதை அவன் வாய்பிளந்து பார்க்கிறான். அவன் இளவரசி குந்தவையை எதிர்கொள்ளும் அரிசிலாற்றை இன்று நாம் அரசலாறு என்கிறோம். அதன் படித்துறைகளில் நம் பிள்ளைகள் நீச்சல் பழகியிருக்கிறார்கள். சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் பள்ளிப்படை கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் இருக்கிறது.  படகுக்காரப் பெண் பூங்குழலி படகு வலித்த கோடிக்கரை வேதாரண்யத்துக்குத் தெற்கே. கதையில் வரும் ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் நமக்குப் பேருந்துப் பலகையில் பார்த்த பெயர். அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் கொலைச்சதி நடந்தது என்று தெரிந்தால் எந்தக் குழந்தைக்குத் தூக்கம் வரும்?

எனக்கு இன்னொரு வியப்பும் உண்டு. அந்தப் புத்தகத்துத் தஞ்சாவூரில் பெரிய கோயில் கிடையாது! அதைக் கட்டிய ராஜராஜன் கதை முடியும்போதும் இளைஞன். கோயில் நிறைவடைந்தது 1010-இல். பெரிய கோயில் இல்லாத தஞ்சாவூரை மனதில் கட்டிப் பார்க்க வேண்டிய வேலையைக் கல்கி நமக்குக் கொடுத்துவிட்டார். தளிக்குளத்தார் கோயிலும், அதற்குப் பூக்கைங்கர்யம் செய்யும் ஒரு நந்தவனமும், அங்கே வாய் பேசாத தாயோடு வாழும் சேந்தன் அமுதன் என்ற பிள்ளையும்தான் அவர் காட்டும் தஞ்சாவூர்.

இனி படத்துக்கு வருகிறேன். 1958-லேயே எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி வைத்திருந்தும் எடுக்க முடியாமல் போன கதையை மணிரத்னம் எடுத்து முடித்தார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. நான் முதல் நாளே பார்த்தேன், கண் கலங்கினேன். கார்த்தி வந்தியத்தேவனாகவே வந்து நின்றார். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத இளைஞர்கள் படம் பார்த்துவிட்டு ஐந்து பாகங்களையும் வாங்கிக்கொண்டு போனதைக் கடைகளில் என் கண்ணால் கண்டேன். அந்த நன்றியை முதலில் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கல்கி கதையைத் தண்ணீரில் தொடங்கினார். நாவலின் முதல் பாகத்துக்கே 'புதுவெள்ளம்' என்று பெயர். படம் ராஷ்டிரகூடப் போரில் தொடங்குகிறது. பொன்னி நதியைப் போற்றி ஒரு பாட்டு உண்டு, ரகுமான் அருமையாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஆறு அந்தப் பாட்டோடு போய்விடுகிறது. தாய்லாந்திலும் ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் மகேஷ்வரிலும் எடுத்தார்கள் என்று குறைப்படும் ஆள் நான் இல்லை. சோழர் அரண்மனை இருந்த பழையாறையில் போய் எதைப் படம் பிடிப்பது? சோழன்மாளிகை என்று ஒரு ஊர் இருக்கிறது, மாளிகை இல்லை, நெல்வயல் இருக்கிறது. அரண்மனைக்காக வடக்கே போனது நியாயம். நமக்கு ஆறு போனதுதான் வலிக்கிறது.

அந்த வலியைச் சொல்ல நாவலின் ஐந்தாம் பாகத்தைத் திறக்கிறேன். பின்னாளில் ராஜராஜனாகும் இளவரசன் அருண்மொழி, காய்ச்சலில் கிடந்தவன், நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் இருக்கிறான். புயல் வருகிறது. கடல் பொங்கி ஊருக்குள் ஏறுகிறது. விகாரத்தை விட்டு வரமாட்டேன் என்று புத்தர் சிலையின் காலைக் கட்டிக்கொண்ட பிக்ஷுவை இளவரசன் தண்ணீரில் மூழ்கி இழுத்துக்கொண்டு வருகிறான். சாலையோரத்து நந்தி மூழ்கும் அளவுக்கு வெள்ளம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் நீர் ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பெருவெள்ளம் படத்தில் இல்லை.

இங்கே நாகையிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் வந்திருக்கும் கடைமடைக்காரர்களைக் கேட்கிறேன், இது வெறும் கற்பனையா? தொடர் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1952 நவம்பர் கடைசியில், நாகப்பட்டினத்தை ஒரு பெரும்புயல் தாக்கியது. கல்கியின் கடல் பொங்கியபோது அதைப் படித்த நம் தாத்தா பாட்டிகளுக்குக் கூரை பறந்த நினைவு ஆறியிருக்காது. 2004 டிசம்பர் 26 நம் தலைமுறைக்கு வந்தது. கோடிக்கரையில் நின்ற பழைய கலங்கரை விளக்கத்தைக்கூட அன்றைய சுனாமி விட்டுவைக்கவில்லை. 2018-இல் இதே நவம்பர் மாதம், 16-ஆம் தேதி, கஜா புயல் வந்தது. தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள் கையில் அந்த ஐந்தாம் பாகத்தைக் கொடுத்துப் பாருங்கள். அரண்மனைச் சதியை வேகமாகத் தாண்டிவிட்டு, புயலில் வந்து நின்று நிதானமாகப் படிப்பார்கள்.

இன்னொன்றும் போய்விட்டது. நாவலில் நம் பூந்தோட்டத்துச் சேந்தன் அமுதன்தான் கடைசியில் உத்தம சோழன். பூக்குடலை சுமந்த கை மணிமகுடம் ஏற்கிறது. அருண்மொழி அரியணையை விட்டுக்கொடுப்பது அவனுக்காகத்தான். படத்தில் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் அரசனாகிறான், அமுதன் ஓரமாக நின்றுவிடுகிறான். இரண்டே படங்களுக்குள் அத்தனை முடிச்சுகளையும் அவிழ்க்க நேரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். மணிமேகலை என்ற பாத்திரத்துக்கே இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் பெரியம்மா அந்தப் பட்டாபிஷேகத்தைப் படித்த நாளில், வீட்டில் பால் கறக்க வந்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். பூக்கட்டும் பிள்ளை ராஜாவாவதைக் கேட்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. திரையரங்கில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் எதைச் சொல்லி அவரை எழுப்பி அழைத்து வந்திருப்பேன்?

கல்கி சினிமாவுக்குப் பகைவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 1939-இல் தியாகபூமியைக் கல்கி விகடனில் தொடராக எழுத, பாபநாசத்துக்காரரான கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார். சித்திரத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே தொடரோடு அச்சாயின. அப்படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது தனிக்கதை. எழுத்தும் திரையும் கைகோத்து நடந்த ஊர் இது. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்: அடுத்து யாராவது இதை எடுத்தால் ஆற்றையும் ஒரு பாத்திரமாக எடுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பிரிந்து கடைமடைக்கு வருவதை ஊரே கரையில் நின்று பார்க்கும் அந்தப் பரபரப்பை எடுங்கள். அரங்கம் எதுவும் போட வேண்டாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நூலகருக்கு என் வேண்டுகோள் ஒன்று. வரும் ஆடிப்பெருக்குக்கு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளை ஒரு வண்டியில் ஏற்றுங்கள். வீராணக் கரையில் முதல் அத்தியாயம். உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், அருண்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர் சொல்லும் கல்வெட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். கதையில் சதிகாரனாக வரும் ரவிதாஸனின் பெயர் அதில் இருக்கிறது. பிறகு திருப்புறம்பியம், பழையாறை. நாகப்பட்டினம் கடற்கரையில் ஐந்தாம் பாகத்தின் புயல். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிள்ளை உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பெரியம்மாவின் பைண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, தாள் பழுத்துவிட்டது, மணியத்தின் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. வண்டி புறப்படும் நாளைச் சொல்லுங்கள், அதை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.