ரயிலில் போகும் நேரம் யார் கணக்கில்?

(பட்டரவாக்கம் ரயில் நிறுத்தத்துக்கு வெளியே, ஷிப்டு விட்டு வந்த தொழிலாளர்களிடையே பேசியது)



உங்களை அதிக நேரம் நிறுத்திவைக்க மாட்டோம். இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டியில் கால் வைக்க இடமிருக்காது என்பது நமக்குத் தெரியும். அந்த வண்டியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகிறவர்களுக்கு ரயில் நிலையம் ஒரு வழிதான். நமக்கோ, திங்கள் முதல் சனி வரை, தொழிற்சாலையின் முதல் கேட் இதுதான். இங்கே கால் வைத்ததுமே நம் வேலை நாள் தொடங்கிவிடுகிறது. ஆனால் கூலி தொடங்குவதில்லை.

முன்பு எப்படி இருந்தது? இதே பாதையில் இருக்கும் பெரம்பூரைப் பாருங்கள். அங்கே பக்கிங்காம் கர்நாடிக் மில் இருந்தது. பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தொழிலாளி குடியிருந்தான். சங்கு ஊதினால் நடந்தே மில்லுக்குள் போனான். அந்த மில் தொழிலாளர்கள்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். அவர்களுடைய தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையை நீட்டு என்பதுதான். நிமிஷத்துக்காகத்தான் அவர்கள் முதலில் வாய் திறந்தார்கள். நிமிஷம் அற்பமானதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1996-ல் அந்த மில் மூடப்பட்டது. வேலை அம்பத்தூருக்கும் அதற்கப்பாலும் போயிற்று. வீட்டு வாடகை ஏற ஏறத் தொழிலாளி வேறு திசையில் தள்ளப்பட்டான். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். இடையில் உள்ள தூரத்தை யார் சுமப்பது? முதலாளி சுமக்கவில்லை. நாம் சுமக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தொழிலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன், வண்டிக்குக் காத்திருப்பது, பயணம், பிறகு கேட் வரை நடை: எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி. மாதம் 26 நாளைக்கு 78 மணி. எட்டு மணி ஷிப்டாக வகுத்தால் ஏறக்குறைய பத்து ஷிப்டு! மாதத்தில் பத்து ஷிப்டு கூலியில்லாமல் கழிகிறது. வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் சில கம்பெனிகளில் அரை நாள் கூலியும் போகிறது. தாமதம் ரயிலுடையது, வெட்டு நம்முடையது. இது என்ன நியாயம்?

அடுத்தது டிக்கெட். புறநகர் வண்டியில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். மாதச் சீசன் வாங்கினால், சுமார் 15 தனிப் பயணத்துக்கான பணத்தில் மாதம் முழுவதும் போய் வரலாம். இந்தச் சலுகை தானாக நிலைத்து நிற்கவில்லை. 2014 ஜூன் 20-ந் தேதி ரயில்வே சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது: சீசனை இனி 30 பயணமாகக் கணக்கிடுவோம் என்றது. அதாவது ஒரே அடியில் இரண்டு மடங்கு! மும்பையில் புறநகர்ப் பயணிகளின் எதிர்ப்பு கிளம்பியது. நான்கே நாளில், ஜூன் 24-ந் தேதி, பழைய கணக்குக்கே திரும்பினார்கள். கேட்காதவனுக்கு உயர்வு, கேட்டவனுக்குச் சலுகை. இதை மறக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத நாளில், கிராமத்து விவசாயத் தொழிலாளி கட்டட வேலைக்கு இந்த வண்டியில்தான் வருகிறார். கீரைக்கட்டும் பூக்கூடையுமாகத் தாய்மார்கள் விடிகாலை வண்டியில் ஏறுகிறார்கள். நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாதவர், ஒரு மாதத்துப் பணத்தை முன்கூட்டி எப்படிக் கட்டுவார்? அவர் தினம் தினம் டிக்கெட் வாங்குகிறார். மாதச் சம்பளக்காரரைவிடப் பயணத்துக்கு அதிகம் கொடுப்பவர், கையில் காசு குறைந்த அவர்தான். அதனால்தான் வாரச் சீசன் வேண்டும் என்கிறோம்.

இனி உயிர் விஷயம். 2018 ஜூலை 24-ந் தேதி காலை, கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகத் திருமால்பூர் போகும் மின்சார வண்டி புறப்பட்டது. மேல் மின்கம்பி பழுதால் அதை விரைவு வண்டிப் பாதையில் திருப்பிவிட்டார்கள். வேலைக்குப் போகும் கூட்டம். படியில் தொங்கியபடி வந்தார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். பலர் காயமடைந்தார்கள், சிலர் திரும்பி வரவேயில்லை. உடனே என்ன சொன்னார்கள்? "படியில் ஏன் தொங்கினாய்?" என்றார்கள். நாமும் சொல்கிறோம்: படியில் தொங்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆனால் ஆசைப்பட்டா ஒருவன் தொங்குகிறான்? உள்ளே இடமில்லை, கேட் மூடிவிடும், கூலி போய்விடும். அந்த அவசரத்தை உண்டாக்கியவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தோழர்களே, இரண்டு சட்டங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் ஒரு திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புள்ளது என்றால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும். "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இந்தப் பயணம் வேலையின் பகுதி என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டு: ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால், ரயில்வே சட்டப்படி குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் அது எட்டு லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் இறந்தவர் டிக்கெட் வாங்கிய பயணி என்று காட்டியாக வேண்டும். ஆகவே சீசனைப் புதுப்பிக்க ஒரு நாள்கூடத் தவறாதீர்கள். அதன் நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள். போனிலேயே சீசன் எடுப்பவர்களும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் சாட்சியும் தொலையும். இன்னொன்று: தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது அடிபட்டால் இந்த நஷ்டஈடு கிடையாது. அவசரம் எவ்வளவானாலும் பாலத்தில் ஏறிப் போங்கள். பாலம் இல்லாத இடத்தில் பாலம் கேளுங்கள்.

என்ன கேட்கப் போகிறோம்? ஷிப்டு தொடங்கும், முடியும் நேரத்தில் கூடுதல் வண்டி. தினக்கூலிகளுக்கு வாரச் சீசன். வேலைநாள் கூட்டத்துக்குத் தக்க அகலமான நடைபாலம். குடிநீர், வெளிச்சம். பெண்களுக்குப் பூட்டிக் கிடக்காத கழிப்பறை. இரவு ஷிப்டுப் பெண்களுக்குக் காவல். நுங்கம்பாக்கம் நிலையத்தில் 2016-ல் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அங்கே அப்போது காமிரா இல்லை. அந்தப் பாடம் போதாதா? கம்பெனிகளிடம் நாம் கேட்பது: வண்டி தாமதமான நாளில் கூலியை வெட்டாதே.

இவற்றை மகஜராக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். நீங்கள் எந்த யூனியன், எந்த ஊர் என்று கேட்க மாட்டோம். ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக் கொண்டு வருகிறவர்களுக்குள் என்ன வேற்றுமை? நாளைக் காலை உங்கள் பெட்டியில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பாதையிலேயே இருக்கிறது, 1955-ல் தொடங்கிய ஐ.சி.எப். இத்தகைய மின்சாரப் பெட்டிகளைச் செய்வது நம் போன்ற தொழிலாளிகளின் கை. அதில் நிம்மதியாக நின்று போக இடம் கேட்பது பிச்சையல்ல.

சாப்பாட்டு நேரத்துக்காக அன்று பெரம்பூர்த் தொழிலாளி பேசினான். ரயில் நேரத்துக்காக இன்று நாம் பேசுவோம்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. தள்ளாமல் ஏறுங்கள், தாய்மார்களுக்கு வழி விடுங்கள். கையெழுத்துத் தாள் நாளையும் இங்கேயே இருக்கும்.