அம்பலும் அலரும்: பெயர் சுட்டுதலின் அறம்



இப்பொழிவு வரிசையில் உரையாற்ற மன்றத்தார் என்னை அழைத்தபோது, மலேசியத் தமிழின் வட்டார வழக்குகளைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். நான் தேர்ந்துகொண்ட பொருள் வேறு. பிறருடைய தனிவாழ்க்கைச் செய்திகளை ஊடகங்களில் வெளியிடுவதன் அறம் குறித்துப் பேச விரும்புகிறேன். இது சட்ட வல்லுநர்க்கு உரிய பொருள் என்று சிலர் கருதலாம். ஆயினும் ஒருவரைப் பெயர் சுட்டி உரைப்பது முதற்கண் ஒரு மொழிச்செயல். அதனால் அது மொழியாசிரியர்க்கும் உரிய பொருளே. இதனைப் பேச எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. முதலில் அதனைக் கூறிவிடுகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகச் செபராங் பிறைப் பகுதியின் தோட்டங்களில் பேச்சுவழக்கை ஒலிப்பதிவு செய்தேன். மூதாட்டியார் ஒருவர் தம் குடும்பத்தில் நேர்ந்த துயரம் ஒன்றை ஒரு மணிநேரம் எடுத்துரைத்தார். வினைமுற்றுகளும் இடைச்சொற்களும் அவ்வளவு செழிப்பாக வந்த பதிவு வேறொன்று எனக்குக் கிட்டவில்லை. அதனை எழுத்துப்பெயர்த்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தேன். பெயரை நீக்கினேன், நெறிப்படி நடந்ததாக நிறைவும் கொண்டேன். ஆனால் தோட்டத்தின் பெயரையும், அவர் செய்த தொழிலையும், வயதையும் அட்டவணையில் குறித்திருந்தேன். அத்தோட்டத்தில் அத்தொழிலைச் செய்தவர் அவர் ஒருவரே. சில ஆண்டுகள் கழித்து, அதே தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர் நூலகத்தில் அப்பக்கங்களைப் படித்தார். "ஐயா, இவர் யார் என்று எனக்குத் தெரியும்; இவருடைய மகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?" என்று என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. அம்மூதாட்டியார் சொன்னது என்ன, செய்த தொழில் எது என்பவற்றை இன்றும் இங்குச் சொல்லப் போவதில்லை.

அம்பல், அலர்

ஊரார் பிறரைப் பற்றிப் பேசும் பேச்சுக்குச் சங்க இலக்கியத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலர் அறியப் பரவுவது அலர். முன்னையதை அரும்பின் நிலையாகவும் பின்னையதை மலர்ந்த நிலையாகவும் உரையாசிரியர்கள் விளக்குவர். அம்பலில் ஐயம் மட்டுமே உண்டு. 'இன்னாரோடு இன்னார்' என்று ஆள் தெளிந்தவிடத்து அது அலராகிறது. (அம்பல், அம்பலம் என்னும் சொற்கள் ஒலியால் ஒத்திருப்பினும், அவை ஒருவேர்ச் சொற்கள் என்று நான் துணிந்து கூறமாட்டேன், மாணவர்களும் துணிய வேண்டா.) செய்தி ஒன்றே. கேட்போர் தொகை பெருகுவதாலும், சுட்டப்படுபவர் இன்னார் எனத் தெளிவதாலும் அதன் இயல்பே மாறிவிடுகிறது என்பதை நம் முன்னோர் உணர்ந்து, இருவேறு பெயரிட்டனர். அடுத்த வீட்டார் அறிந்த செய்திதானே, அச்சிட்டால் என்ன என்று கேட்கும் செய்தியாளர்க்கு இவ்வேறுபாடே விடையாகும்.

தொல்காப்பிய அகத்திணையியல் மற்றொரு நெறியையும் வகுத்துள்ளது. அன்பின் ஐந்திணை பாடுமிடத்து எவரையும் இயற்பெயர் சுட்டி உரைத்தல் கூடாது. ஆகவேதான் தலைவன் வெற்பன், ஊரன், துறைவன் என்று நிலத்தால் அழைக்கப்படுகிறான். புறத்திணையில் பெயர் வரலாம். அகமும் புறமும் இன்று நாம் கூறும் தனிவாழ்வு, பொதுவாழ்வு என்பவற்றோடு முற்றும் பொருந்துவன அல்ல. அவை பாட்டியல் வகைகள். எனினும், மனித உள்ளத்தின் நுண்மையான செய்திகளை, எவரையும் காட்டிக்கொடுக்காமல் முழுமையாகச் சொல்ல முடியும் என்பதற்கு அகப்பாடல்களே சான்று.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவனின் பெயர் இல்லை. பிரிவால் வாடும் தலைவியின் நிலையை அது பாடுகிறது. ஆயினும் நச்சினார்க்கினியர் அதனை அகம் என்று கொள்ளவில்லை. படைக்கலத்தில் கட்டிய வேம்பு அதில் குறிக்கப்படுகிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ. அடையாளம் வெளிப்பட்டமையால் அது புறமாயிற்று என்பது அவர் கருத்து. பெயர் சொல்லாவிடினும், ஆளைத் தெரிவிக்கும் ஒரு குறிப்புப் போதும். என் ஆய்வேட்டின் அட்டவணையில் நான் வைத்த வேம்பு, அம்மூதாட்டியாரின் தொழில்.

இரண்டு வழக்குகள்

இனி அச்சு ஊடகத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1940-களில் சென்னையில் இலட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய இதழ்களை நடத்தினார். திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றிய செய்திகளே அவற்றின் சரக்கு. வாங்கிப் படித்தோர் மிகப் பலர். 1944 நவம்பர் 8 அன்று அவர் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னைக்குத் திருப்பப்பட்டு, 1947-இல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆயினும், பிறர் வாழ்வின் மறைவிடங்களைக் காசாக்கிய எழுத்து எத்தகைய பகையை வளர்த்தது என்பதை அவ்வழக்கு காட்டுகிறது. அவ்விதழ்களை எழுதியவர் ஒருவர். காசு கொடுத்து வாங்கியோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது வழக்கு இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையிலிருந்தபடியே தன்வரலாறு எழுதினார். அதில் காவல்துறை, ஆட்சித்துறை உயர் அலுவலர்கள் சிலர்க்குத் தம்மோடிருந்த தொடர்பை அவர் குறிப்பிட்டிருப்பதாகச் செய்தி வந்தது. 'நக்கீரன்' இதழ் அதனைத் தொடராக வெளியிட முற்பட்டபோது, சிறைத்துறைத் தலைவர் தடுத்து மடல் எழுதினார். இதழாசிரியர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1994 அக்டோபர் 7 அன்று நீதியரசர் ஜீவன் ரெட்டி வழங்கிய தீர்ப்பு, இந்தியாவில் தனியுரிமைக்கு வழிகாட்டியாயிற்று. ஒருவருடைய குடும்பம், மணவாழ்வு, மகப்பேறு, கல்வி முதலியவற்றை அவருடைய இசைவின்றி வெளியிடுதல் கூடாது; வெளியிட்டது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் அது மீறலே என்றது நீதிமன்றம். நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயர் அவ்விதிவிலக்குக்கும் விலக்கு. அரசு அலுவலர் தம் அலுவல் சார்ந்த செயல்களுக்குத் தனியுரிமையைக் கேடயமாகக் கொள்ள இயலாது. வெளிவருமுன்பே தடுக்கும் அதிகாரமும் அரசுக்கு இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதியரசர் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது.

இத்தீர்ப்பில் நம் கருத்துக்குரியன இரண்டு. உண்மை என்பது மட்டும் வெளியிடுவதற்கு உரிமை தராது என்பது ஒன்று. அவதூறு வழக்கில் உண்மை காப்பாகலாம், தனியுரிமையில் ஆகாது. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரும், செய்தி நடந்ததா என்பதோடு நில்லாமல், அச்சொல்லால் பிறர்க்குத் தீங்கு விளையுமா என்பதை முன்னிறுத்தினார். மற்றொன்று, தனியுரிமை அதிகாரத்தார்க்குத் திரைச்சீலை ஆகக்கூடாது என்பது. பதவியில் இருப்பவர் அப்பதவியைக் கொண்டு செய்தவை பொதுமக்கள் அறியவேண்டியவை. அவற்றை மூடிமறைப்பதற்கு அறத்தின் பெயரைப் பயன்படுத்துவோரிடமும் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

சட்டம் இருந்தும் தவறு நிகழ்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானோரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவில் 1983 முதல் குற்றம். பெயரை மட்டுமன்றி, மறைமுகமாகவேனும் அடையாளம் காட்டும் எச்செய்தியையும் வெளியிடலாகாது என்று உச்சநீதிமன்றம் 2018 திசம்பரில் தெளிவுபடுத்தியது. வேம்பின் நுட்பத்தை நீதிமன்றமும் கண்டுகொண்டது எனலாம். ஆனால் சில திங்களுக்குள், 2019 மார்ச்சில், பொள்ளாச்சி வழக்கில் புகாரளித்த பெண்ணின் பெயரைக் காவல் உயர் அலுவலரே செய்தியாளர்முன் கூறினார். அரசாணையிலும் அது இடம்பெற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2024 திசம்பரில் சென்னையிலுள்ள பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நிகழ்ந்த குற்றத்தில், முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. மீண்டும் அதே தொகை, அதே வகை ஆணை. இழப்பீடு பணத்தைத் தரும். வெளிப்பட்ட பெயரை எந்த ஆணையும் திரும்பப் பெறாது.

நம் நாட்டில்

மலேசியாவில் இவ்வுரிமை மெல்லவே வளர்ந்தது. மழலையர் பள்ளிக் குழந்தைகளின் படம் நாளிதழ் விளம்பரத்தில் வெளியிடப்பட்டது பற்றிய வழக்கில், தனியுரிமை மீறலுக்காக வழக்குத் தொடுக்க நம் சட்டத்தில் இடமில்லை என்று உயர்நீதிமன்றம் 2004-இல் கூறியது. 2009-இல் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினரான பெண்மணி ஒருவரின் படங்கள், அவருடைய இசைவின்றி எடுக்கப்பட்டவை, வெளியே பரவின. அவர் பதவி விலக முன்வந்தார். தொகுதி மக்கள் 2013-இல் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். மக்கள் சில வேளைகளில் ஊடகத்தினும் பண்பட்டவர்கள். 2010-இல், லெபோ லைட்டிலுள்ள நம் பினாங்கு உயர்நீதிமன்றம், அறுவை மருத்துவத்தின்போது தம் இசைவின்றிப் படம் எடுக்கப்பட்ட பெண்ணின் வழக்கில், தனியுரிமை மீறல் வழக்குக்கு உரிய தீங்கே என்று ஏற்றுக்கொண்டது. இவ்வூர் அதற்காகப் பெருமை கொள்ளலாம்.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வாணிகத் தொடர்பான தரவுகளுக்கே உரியது. இதழியலுக்கு அதில் நிபந்தனையோடு கூடிய விலக்குகள் உள்ளன. ஆசிரியர்கள் மிகுதியாக அறியவேண்டியது 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம். வழக்கு, வன்கொடுமை முதலியவற்றில் தொடர்புடைய சிறார் ஒருவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடும். பள்ளியின் பெயரையும் அச்சட்டம் சேர்த்திருப்பதைக் கருதுக. அதுவும் ஒரு வேம்பே.

குற்றச் செய்திகளைப் பற்றி மட்டும் பேசி நான் முடித்துக்கொண்டால், நாம் அனைவரும் தப்பித்துவிடுவோம். நாம் நன்மை செய்வதாக எண்ணிச் செய்வனவற்றையும் பார்க்கவேண்டும். புதிய பள்ளியாண்டு தொடங்குங்கால் வறிய மாணவர்க்குப் பள்ளிச் சீருடையும் பையும் வழங்குகிறோம். வழங்குவோர் நடுவில் நிற்க, பெறுகின்ற பிள்ளை ஓரத்தில் நிற்கும் படம் நாளிதழில் வருகிறது. தந்தை இல்லை, தாய் நோயாளி என்ற குறிப்பும் உடன் வருகிறது. மறுநாள் அப்பிள்ளை வகுப்பறைக்குள் எவ்வாறு நுழையும்? மருத்துவ உதவி வேண்டுவோரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், மருத்துவ அறிக்கை ஆகியன புலனக் குழுக்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. தேர்வில் தவறியோரின் பட்டியலும் அவ்வாறே. இங்கே பகையில்லை, காசாசையுமில்லை. ஆயினும் அலர் அலரே.

நான்கு வினாக்கள்

எனவே எதனையும் வெளியிடுமுன் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ள உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இச்செய்தி, பொதுப் பொறுப்பில் உள்ள ஒருவர் அப்பொறுப்பில் செய்ததைப் பற்றியதா? அன்று எனில், உரியவர் இசைந்தாரா. மறுத்தால் உதவி கிடைக்காது என்ற அச்சமின்றி இசைந்தாரா? பெயரின்றிச் சொன்னால் செய்தியின் பயன் குறையுமா? பெயரை நீக்கிய பின்னும் ஆளைக் காட்டும் வேம்பு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா?

நான்காம் வினாவை நான் அன்று கேட்டிருக்கவில்லை. மாணவர் கேட்டதன் பின், அம்மூதாட்டியாரைக் காணச் சென்றேன். தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்துவிட்டிருந்தனர். அவரை நான் காணவில்லை. அவருடைய மன்னிப்பு எனக்குக் கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது. நூலகத்தாரிடம் எழுதிக் கேட்டு, அப்பின்னிணைப்பைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கச் செய்தேன். ஒலிநாடா என்னிடமே உள்ளது. அதில் அவர் பேசத் தொடங்குமுன், "இதையெல்லாம் எங்கே போடுவீங்க?" என்று கேட்கிறார். "ஆராய்ச்சிக்குத்தான் அம்மா" என்று என் இளமைக்குரல் விடை சொல்கிறது. அவர் கேட்ட வினா மிகச் சரியானது. என் விடைதான் போதாது. உங்கள் மாணவரோ, பெற்றோரோ அவ்வினாவைக் கேட்குங்கால், அதற்கு முழுமையாக விடை கூறிய பின்னரே எழுதுகோலையோ ஒளிப்படக் கருவியையோ எடுங்கள்.